ஆயிரத்து அறுநூறு கதியால்

“செத்ததையும் சேத்து எண்ணினா ஆயிரத்து அறுநூறு தாண்டும் ஐயா.”

“செத்ததை எப்பிடி எண்ணுறது?”

“ஏன் எண்ணக்கூடாது? வோட்டுப் பதிவுல எண்ணுறாங்கதானே. எங்க மூக்கன் செத்து ஆறு வருசம். அவருக்கு இன்னும் வோட்டு இருக்கு.”

“இது வோட்டில்லை ராக்காயி, விறகு. இலை நிண்டால்தான் கணக்கெடுக்க வாற அப்புத்துரை அதை மரமெண்டு எழுதுவார்.”

“அப்ப இலையக் காட்டுவோம்.”

சிற்றம்பலம் கையிலிருந்த கொப்பியை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். ராக்காயி பகிடிக்குச் சொன்னது போலத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இலையற்று நின்ற ஒரு கதியாலின் பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே மெல்லிய பச்சை தெரிந்தது.

“பாருங்க. உசுரு இருக்கு. காத்துக்கு இலையக் கொட்டிட்டு நிக்குது.”

“அவர் நகத்தால எண்ணமாட்டார்.”

முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் சிற்றம்பலத்தின் மேட்டுக்காணி இருந்தது. ஒரு ஏக்கர். இரண்டு வருடங்களுக்கு முன்வரை அதில் கச்சானும் உழுந்தும் போட்டார். சமாதானம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 2005ஆம் ஆண்டு, அரசாங்கத்தின் விறகுப் பயிர்த் திட்டம் என்று ஒன்று வந்தது. தேயிலை, றப்பர், தென்னைக்குப் பிறகு இனி விறகும் ஒரு பயிர்தான் என்று பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். வவுனியாவில் ஒரு பெரிய மரக்காலை வரும், அங்கே பலகையைக் காயவைக்கும் கொதிகலனும் மின்சாரம் எடுக்கும் இயந்திரமும் விறகில் ஓடும், வேலிக்கு நடுகிற கிளிசரியாவை வயல்போல வரிசையாக நட்டுத் தாருங்கள், நடுவதற்கும் வளர்ப்பதற்கும் மானியம் தருகிறோம் என்றார்கள். சனம் சிரித்தது. வேலிக் கதியாலுக்கு மானியமா என்று பின்வாங்கிலிலிருந்து ஒருவர் கேட்டார். ஆனால் இருபது பேர் படிவம் நிரப்பினார்கள். சிற்றம்பலமும் நிரப்பினார்.

அந்தப் படிவத்தில் பின்னுரித்தாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. காணிக்காரருக்குப் பிறகு மரங்களுக்கு உரித்தாளி யார் என்று கேட்கிற கட்டம். “மரம் பத்து வருசத்துக்கு நிக்கும். நீங்கள் நிப்பியளோ தெரியாது, அதுக்குத்தான்” என்றார் திட்ட அலுவலர் அப்புத்துரை. மகன் ரஜிதன் அந்த மாதம்தான் கத்தாருக்குப் போயிருந்தான். ஆகவே மகளின் பெயரை எழுதினார் சிற்றம்பலம். சுதாஜினிக்கு அப்போது பதினைந்து வயது.

பிறகு சண்டை திரும்பியது. பாதை மூடப்பட்டது. மரக்காலை வரவில்லை. இருபது பேரில் பதினாறு பேர் மரங்களைத் தறித்துவிட்டு மரவள்ளி ஊன்றினார்கள். மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் சிற்றம்பலத்தின் வரிசைகளிலும் கைவைத்தார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டவர்கள் கேட்டு வெட்டினார்கள், சிலர் கேளாமலும் வெட்டினார்கள். கறையான் கொஞ்சம் தின்றது. ஆனால் அரசாங்கத்தின் தாள்கள் மட்டும் எப்படியோ ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து வந்துகொண்டிருந்தன. கடைசித் தவணைக்குக் கணக்கெடுக்கும்போது நட்ட இரண்டாயிரத்தில் ஆயிரத்து அறுநூறேனும் இலையோடு நிற்கவேண்டும். நின்றால் வவுனியா அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். காணிக்காரரும் பின்னுரித்தாளரும் நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்று அந்தக் கடிதம் சொல்லும்.

சிற்றம்பலத்துக்கு வேண்டியது அந்தக் கடிதம்தான். காசை அவர் மறந்து கனநாள். வன்னியைவிட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். இளம் பிள்ளைகளுக்குப் பாஸ் இல்லை. சண்டைக்கு வீட்டுக்கு ஓராள் தரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வாகனத்தில் வந்தவர்கள் வாசலில் நின்ற காலம் போய், இப்போது தெருவில் கண்ட இடத்தில் ஏற்றுகிறார்கள். ரஜிதன் கத்தாரில் இருந்தபடியால் இந்த வீட்டின் ஓராள் சுதாஜினி. அரசாங்கக் கடிதத்தில் பெயர் இருந்து, வீட்டில் ஒருவர் பிணை நின்றால் பாஸ் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு ஓய்வூதியக்காரர் அப்படித் தன் பேத்தியைக் கொண்டுபோனாராம்.

இலையோடு நின்றவை ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று. அப்புத்துரை வருவது வியாழக்கிழமை. இன்னும் மூன்று நாள்.

“எஸ்டேட்ல தொரை வாரார்ன்னா, கன்னு பட்டுப்போன குழியில எல்லாம் பச்சைக் கொப்ப வெட்டி நட்டு வச்சிருவாங்களாம். எங்கப்பா சொல்வாரு” என்றாள் ராக்காயி. “விடிய வெட்டணும், வெட்டின கையோட நட்டுத் தண்ணி ஊத்தணும். மத்தியானம் வரைக்கும் ஏமாத்தும்.”

“துரை கண்டுபிடிக்கேல்லையே?”

“தொரை குதிரை மேலதானே வந்தாரு. அப்புத்துரை ஐயா சைக்கிள்ல வந்தாத்தான் கஷ்டம்.”

ராக்காயியின் குடும்பம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்தது. மூக்கனும் அவளும்தான் இந்த ஏக்கர் காணியில் பல வருடம் கச்சான் கிண்டினார்கள். மூக்கன் பாம்பு கடித்துச் செத்தபின் அவளும் மகள் இராசேஸ்வரியும் காணியின் மூலையில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். இரண்டாயிரம் கதியாலையும் நட்டது இந்த இரண்டு வீட்டார்தான். சிற்றம்பலம் அலவாங்கால் குழி போட, ராக்காயி நட, சுதாஜினியும் இராசேஸ்வரியும் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே வந்தார்கள். இருவருக்கும் ஒரே வயது. மிதிக்கிற சாட்டில் அவர்கள் வரிசை முழுவதும் ஆடிக்கொண்டு வந்ததாக ராக்காயி இப்போதும் சொல்வாள்.

அன்று பின்னேரம் குசினியில் சிற்றம்பலத்தின் மனைவி சிவனேஸ்வரி குரக்கன் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். சோளகக் காற்று கூரைக் கிடுகுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சுதாஜினி உள்ளறையில், யன்னல் பூட்டிய இருட்டில் இருந்து தேங்காய் துருவினாள். சித்திரையில் பள்ளிக்கூடத்தை நிறுத்தியபின் அவள் முற்றத்துக்கும் வருவதில்லை. இந்த நான்கு மாதத்தில் தெருவில் போகிற எல்லா வாகனத்தையும் சத்தத்தில் அறிந்து வைத்திருந்தாள். இது லொறி, இது சங்கக்கடை உழவு இயந்திரம், இது அவங்களின்ர பிக்கப் என்று சொல்வாள். ஒருநாளும் பிழை விட்டதில்லை.

“இஞ்சாருங்கோ, கொப்பு வெட்ட ஆர் போறது?” என்று கேட்டாள் சிவனேஸ்வரி.

சிற்றம்பலம் கதிரையில் இருந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். “பிள்ளையள் ரெண்டும்.”

“எந்தப் பிள்ளையள்?”

“சுதாவும் ராசேசும்.”

பிட்டுக்குழலை அடுப்பிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். “உங்களுக்கு என்ன விசரே?”

“சொல்லுறதைக் கேள். இந்தக் காத்துக்கு வாய்க்கால் றோட்டு வேலியளில மட்டும்தான் பச்சை நிக்குது. முதல் நாள் வெட்டி வைச்சால் வாடிப்போடும். அண்டைக்கு விடியவே இருநூற்று முப்பது கொப்பு வேணும். நான் குழி போடவேணும், ராக்காயி நடவேணும், நீ தண்ணி அள்ளவேணும். ராசேசு தனிய வெட்டி இழுத்து முடிக்கப் பத்து மணியாகும்.”

“பக்கத்து வீட்டில கேளுங்கோவன்.”

“கேட்டு? என்னத்துக்கு எண்டு சொல்லுறது? இந்தக் கடிதக் கதை வெளியில போச்சுதெண்டால் பாஸுமில்லை ஒண்டுமில்லை.”

“அவளை நாலு மாதமாப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறன்.”

“நாலரைக்கு வெளிக்கிட்டு ஆறு மணிக்குள்ள வந்திடுவினம். அவங்கள் எட்டு மணிக்கு முதல் வெளிக்கிடுறேல்லை.”

“அவங்கள் நித்திரை கொள்ளுறதை நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?”

அவர் ஊசியைப் பல்லில் கடித்தார். அவள் தணிந்த குரலில் கேட்டாள், “கடிதம் வந்து, நான் பிணை நிண்டு, நீங்கள் ரெண்டு பேரும் போறியள். பிறகு?”

“உன்ர தங்கச்சி வீட்டில அவளை விட்டிட்டு அடுத்த கிழமை நான் திரும்பிடுவன்.”

“அவள் எங்கை எண்டு கேட்டால்?”

“காய்ச்சல் எண்டு சொல்லுவம்.”

“எத்தினை வருசத்துக்குக் காய்ச்சல்?”

உள்ளறையில் துருவலையின் சத்தம் நின்றது. சுதாஜினி தேங்காய்ச் சிரட்டையோடு வாசலில் வந்து நின்றாள். கொடியில் காயப்போடாமல் அறைக்குள்ளேயே உலர்த்திய சட்டையில் புழுக்க மணம் இருந்தது.

“அம்மா, நான் போறன். றோட்டைப் பாத்து நாலு மாதமாச்சு.”

“றோட்டில என்ன கிடக்கு?”

“ஒண்டுமில்லை. றோட்டுத்தான்.” பிறகு தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். “விறகு முதலாளிக்கு வேலைக்காரர் இல்லையெண்டால் பாவமெல்லே.”

சிவனேஸ்வரி வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. குழலைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். ஆவி வர வெகுநேரமானது.

வியாழக்கிழமை விடியப்புறம் இரண்டு பிள்ளைகளும் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். ஆறு மணிக்குச் சற்றுமுன் திரும்பி வந்தபோது சைக்கிள் தெரியவில்லை. ஒரு பச்சைப் புதர் வரப்பில் ஆடி ஆடி வந்தது. அதற்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சுதாஜினியின் தலைமயிரெல்லாம் இலை. வாய்க்கால் றோட்டில் பாலைப்பழம் உதிர்ந்து கிடக்கிறது, பொறுக்குவார் இல்லை என்று சொல்லித் துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள். எல்லாரும் வரப்பில் இருந்து தின்றார்கள். பாலைப்பழத்தின் பால் உதட்டில் பிசின்போல ஒட்டியது. சிற்றம்பலம் ஏதோ சொல்ல வாய் திறக்க உதடு பிரியாமல் நிற்க, இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“சத்தம் போடாதேங்கோடி” என்றாள் சிவனேஸ்வரி. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெளிச்சத்தில் மகளைக் கண்டு எத்தனை நாள். முகம் வெளிறிப்போயிருந்தது, முளைக்க வைத்த பயறு மாதிரி.

நூற்று முப்பது கொப்பு. இன்னும் நூறு வேண்டும். சூரியன் குளக்கட்டுக்கு மேலே ஏறவில்லை. சிற்றம்பலம் வானத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். போ என்று ஒருவரும் சொல்லவில்லை. சுதாஜினி தானாகவே சைக்கிளை எடுத்துத் திருப்பினாள்.

“கடைசி நடை அம்மா. ஏழு மணிக்கு வந்திடுவம்.”

சிவனேஸ்வரியின் இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. இறக்கி வைத்துவிட்டு நில் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் தளம்பிச் சிந்திவிடும் என்று அவள் அந்த நேரத்தில் நினைத்தாள். பிற்பாடு எத்தனையோ நாள் அந்த வாளிகளை நினைத்துக்கொண்டு குசினியில் இருந்தாள்.

ஏழரைக்கு இராசேஸ்வரி மட்டும் வரப்பில் நடந்து வந்தாள். சைக்கிள் இல்லை. கையில் கத்தி இருந்தது. காலில் செருப்பில்லை.

“மாமி” என்றாள். ராக்காயி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“சுதாவை ஏத்திக்கொண்டு போட்டினம்.”

சிற்றம்பலம் அலவாங்கைப் போட்டுவிட்டு ஓடினார். வரப்பில் ஒரு தரம் விழுந்து எழுந்து ஓடினார். சிவனேஸ்வரியின் கையில் அப்போது ஒரு கொப்பு இருந்தது. அவள் குனிந்து அதைக் குழியில் வைத்து மண் தள்ளி இறுக்கினாள். பிறகு அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள்.

“நீ எங்கை நிண்டனீ?”

“மரத்தில, மாமி. நான் மேல நிண்டு வெட்டினன். சுதா கீழ நிண்டு கட்டினவள். பிக்கப் சத்தம் கேக்கேல்லை, அது வளைவில நிண்டிருக்கு. நடந்துதான் வந்தவை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் ஒரு அண்ணையும்.”

“அவள் கத்தேல்லையே?”

“இல்லை. ஆர் கூட வந்தது எண்டு கேட்டவை. தனிய வந்தனான் எண்டவள். கீழ என்ர செருப்பும் கிடந்தது. ரெண்டு சோடி ஏன் எண்டு கேட்டினம். அது அறுந்துபோச்சு, தைக்கக் கொண்டுபோறன் எண்டு சொன்னவள்.” இராசேஸ்வரி தன் வெறும் பாதங்களைப் பார்த்தாள். “என்ர செருப்பைக் கையில எடுத்துக்கொண்டுதான் போனவள். மேல பாக்கவேயில்லை மாமி. ஒருக்காவும் பாக்கேல்லை.”

சிவனேஸ்வரி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில் பாலைப்பழப் பிசின் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. நீ ஏன் கீழே நிற்கவில்லை என்று ஒரு கேள்வி அவளுக்குள் எழுந்தது. அதைக் கேட்கவில்லை. கேட்காததால் அது போய்விடவுமில்லை.

ராக்காயிதான் முதலில் அசைந்தாள். வாய்க்கால் றோட்டுக்கு நடந்துபோய், தெருவில் கட்டியபடியும் சிதறியும் கிடந்த கொப்புகளைச் சேர்த்து, சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, எழும்புங்க.”

“விடு என்னை.”

“ஐயா போயிருக்காரு. கெஞ்சிக் கேட்டா விட்டாலும் விடுவாங்க. விட்டாங்கன்னா அந்த நிமிசமே புள்ளையக் கூட்டிக்கிட்டு வவுனியாவுக்குப் போயிரணும். கடுதாசி இல்லாம எப்பிடிப் போவீங்க? எண்ணி முடிச்சாத்தான் கடுதாசி வரும். எழும்புங்கம்மா.”

சிவனேஸ்வரி எழும்பினாள். மகள் கட்டிய கட்டை அவிழ்த்தாள். வாழைநாரில் போட்ட முடிச்சு எளிதில் அவிழவில்லை. மூன்று பெண்களும் நூறு கொப்புகளையும் நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றினார்கள்.

எட்டு மணிக்கு வரவேண்டிய அப்புத்துரை பதினொன்றரைக்குத்தான் வந்தார். விமானம் சுற்றியதால் வழியில் இரண்டு இடத்தில் பற்றைக்குள் கிடந்ததாகச் சொன்னார். மண்ணெண்ணெயில் ஓடிய அவருடைய மோட்டார் சைக்கிள் வெள்ளைப் புகையோடு இருமி இருமி நின்றது. பொலித்தீன் பையிலிருந்து கணக்குக் கோவையை எடுத்தார். ஐயா எங்கே என்று கேட்டார்.

“ஒட்டுசுட்டான் பக்கம் போட்டார்” என்றாள் சிவனேஸ்வரி.

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. காணிக்குள் இறங்கியபோதே எல்லாம் தெரிந்தது. வேர் உள்ள மரங்களின் இலைகள் காற்றில் விரிந்து புரண்டன. காலையில் நட்டவற்றின் இலைகள் தொங்கிக் கிடந்தன. வாடிய கிளிசரியாவின் கசப்பு மணம் காணி முழுவதும் நின்றது. அப்புத்துரை வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு நடந்தார். ஐந்தாவது வரிசையில் வெயிலுக்கு ஒதுங்குகிறவர் போல ஒரு கொப்பில் கை வைத்தார். அது கையோடு வந்துவிட்டது. வெட்டு வாய் புதிதாக, வெள்ளையாக இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு சிவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் என்று ஊரில் சொல்வார்கள். கொப்பைத் திரும்பக் குழியில் வைத்துக் குதிக்காலால் மண்ணை மிதித்து இறுக்கினார்.

“இந்தக் காத்துக்கு இலை வாடத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தார்.

ஆயிரத்து அறுநூற்று ஒன்று என்று எழுதினார். கோவையை மோட்டார் சைக்கிளின் இருக்கையில் வைத்துப் புரட்டினார். “ஐயாவை நாளைக்குக் கந்தோருக்கு வந்து ஒப்பம் வைக்கச் சொல்லுங்கோ. பின்னுரித்தாளர் இப்பவே வைக்கவேணும், மரத்தைக் காட்டினது எண்டு.” பேனையை நீட்டினார். எதிரே நின்றது இராசேஸ்வரி. “நீர்தானே பிள்ளை?”

இராசேஸ்வரி சிவனேஸ்வரியைப் பார்த்தாள். சுதாவைக் கூப்பிடப் போன தகப்பன் இன்னும் திரும்பவில்லை. இன்றைக்குப் பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து வரப்பில் வரலாம். வருவார்கள். வரும்போது தாள் சரியாக இருக்கவேண்டும்.

“போடு பிள்ளை” என்றாள் சிவனேஸ்வரி.

இராசேஸ்வரி குனிந்து, எழுத்தெழுத்தாக, சி. சுதாஜினி என்று எழுதினாள்.

பின்னேரம் சிற்றம்பலம் தனியாக வந்தார். அடுத்த நாளும் போனார். அதற்கு அடுத்த நாளும். முகாம் வாசலில் இன்னும் முப்பது தாய் தகப்பன்மார் நின்றார்கள். பயிற்சிக்கு அனுப்பியாயிற்று, எங்கே என்று சொல்லமுடியாது என்று வாசலில் நின்ற பிள்ளை சொன்னது. அதற்கும் சுதாஜினியின் வயதுதான் இருக்கும் என்றார் சிற்றம்பலம். சிவனேஸ்வரி பயற்றம் பணியாரம் சுட்டு ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டாள். ஒரு கிழமை கழித்து வெறும் டப்பா திரும்பி வந்தது. கழுவியிருந்தது. யார் தின்றார்கள் என்று தெரியாது. அவள் டப்பாவைத் திறந்து திறந்து மணந்து பார்த்தாள். சவர்க்கார மணம்கூட இல்லை.

கணவனோடு அவள் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். சண்டை என்று இல்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். எட்டு மணிக்கு முதல் அவங்கள் வெளிக்கிடுறேல்லை என்று அவர் சொன்ன வசனம் வீட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி இருந்தது. அவரும் அதைச் சுற்றியே நடந்தார்.

ஆவணி முடிய, வவுனியாவிலிருந்து கடிதம் வந்தது. செப்டம்பர் இருபத்துநான்காம் திகதிக்கு முன் திரு. க. சிற்றம்பலமும் பின்னுரித்தாளர் செல்வி சி. சுதாஜினியும் நேரில் சமுகமளிக்க வேண்டும். படம் ஒட்டச் சொல்லவில்லை. மாதிரி ஒப்பம் கோவையில் உள்ளபடி இருக்கவேண்டும் என்று மட்டும் கீழே ஒரு வரி. சிற்றம்பலம் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தார்.

மூன்றாம் நாள் காலை ராக்காயி வந்தாள். குசினி வாசலில் நின்றாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. சிவனேஸ்வரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கடுதாசி வந்திருக்காமே அம்மா.”

“ஓம்.”

“என்ன செய்யப் போறீங்க?”

“என்ன செய்யிறது. கிடக்கட்டும்.”

“இருபத்துநாலு தாண்டிட்டா?”

“தாண்டினால் தாண்டட்டும் ராக்காயி.”

ராக்காயி வாசல் நிலையில் கையை ஊன்றினாள். பிறகு, “எங்க கொட்டிலுக்கும் நம்பர் போட்டுட்டாங்கம்மா” என்றாள். “இத்தனை வருசமா உங்க காணிக்குள்ள இருக்கிறதால எங்களத் தனி வீடாவே எழுதல. நேத்து ஆள் ஏத்துறவங்க வந்து கதவுல பச்சைப் பெயின்ட்ல நாப்பத்தேழுன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. எத்தனை பேருன்னு கேட்டாங்க. ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லத் தோணல.”

சிவனேஸ்வரியின் விரல்கள் அரிசியில் நின்றன. என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஐயாகிட்டக் கேட்டேன். அவளைக் கேள்ன்னு சொல்லிட்டாரு.”

முற்றத்தில் சிற்றம்பலம் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். தலை நிமிரவில்லை.

“அது சுதாவின்ர கடிதம்” என்றாள் சிவனேஸ்வரி.

“தெரியும்மா.”

“சுதாஜினி எண்ட பேரில ஒரு பிள்ளை ஓமந்தையைத் தாண்டிப் போட்டுதெண்டு எழுதிப்போட்டால், நாளைக்கு என்ர பிள்ளை எங்கையாவது தப்பி ஓடி வந்தால் அவள் ஆர்? அவள் எந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு போறது?”

“அத நானும் யோசிச்சேம்மா.”

“பாஸ் கந்தோரில அவளின்ர பேர் ஏற்கெனவே மற்றப் பட்டியலில இருந்தால்? இவரையுமெல்லே பிடிச்சு வைப்பினம்.”

“ஆள் ஏத்துற பட்டியல் ஒரு மேசை, பாஸ் இன்னொரு மேசைன்னு சொல்றாங்க. சொல்றாங்கதான். எனக்குத் தெரியாது.” ராக்காயி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “கேக்கக்கூடாதுன்னுதான் மூணு நாள் இருந்தேன். உங்க முகத்தப் பாத்துட்டு எப்பிடிக் கேக்குறது. ஆனா அந்த மரத்துல அன்னைக்குத் தப்பினதுக்கு அப்பறமும் அவளக் குடுத்திட்டேன்னா, சுதா மேல பாக்காம நின்னது என்னத்துக்கும்மா?”

சிவனேஸ்வரிக்கு இந்தப் பெண்ணை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சுளகைத் தள்ளிவைத்தாள்.

வேலிக்கு அப்பால் கிணற்றடியில் இராசேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். புதிய செருப்பு இல்லை. சுதாஜினியின் பழைய பாவாடை ஒன்று, போன வருடம் சிவனேஸ்வரியே கொடுத்தது, அவள் இடுப்பில் இருந்தது. தலையைச் சுதாஜினியைப் போல ஒற்றைப் பின்னலாகப் பின்னியிருந்தாள். அவளாகப் பின்னினாளோ, தாய் பின்னிவிட்டாளோ தெரியவில்லை. கேட்கிற தூரம்தான். ஆனால் கேட்காதவள் போல வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூணு நாளாப் பழக்குறேன்” என்றாள் ராக்காயி. குரல் தாழ்ந்துவிட்டது. “சாவடியில வரிசையில நிக்கவச்சுப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். கூப்பிட்ட உடனே திரும்பணும். யோசிச்சு நின்னா அங்கேயே புடிச்சிருவாங்க. நான் சுதா சுதான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். திரும்பவே மாட்டேங்குறா. சுதா எங்கேன்னு சுத்திப் பாக்குறாம்மா, அவ வந்திட்டாளோன்னு.”

சிவனேஸ்வரி கிணற்றடியைப் பார்த்தாள்.

“நீங்க கூப்பிட்டுத்தான் அவளுக்கு அந்தப் பேரு பழக்கம். சின்னப் புள்ளையில இருந்து உங்க வாயால கேட்ட பேரு. கடுதாசிய அப்பறம் குடுங்க, குடுக்காம இருங்க. இப்ப ஒருக்கா, ஒருக்காக் கூப்பிடுங்கம்மா. திரும்புறாளான்னு பாத்திருவோம்.”